எங்க ஸ்கூல் ஹாலில் தொங்கிய படம்

நான் படித்த கான்வென்ட் பள்ளியில், மதர் அறைக்கு வெளியே ஒரு சின்ன ஹால் உண்டு. அங்கே ஒரு படம் தொங்கும். வெள்ளை அங்கி போட்ட இயேசு. வலது கை ஆசீர் கொடுக்கிற மாதிரி உயர்ந்திருக்கும், இடது கை நெஞ்சருகே. நெஞ்சிலிருந்து இரண்டு ஒளிக்கற்றைகள் கீழ்நோக்கி விழும், ஒன்று சிவப்பு, இன்னொன்று வெளிர். தமிழ்நாட்டில் கத்தோலிக்க வீடு, மருத்துவமனை, ஆட்டோ கண்ணாடி என்று எங்கே போனாலும் இந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இறை இரக்கத்தின் ஆண்டவர் படம்.

எங்கள் பள்ளியில் அது சாதாரணப் படம் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு சிஸ்டர் கொண்டுவந்ததாம். கண்ணாடிச் சட்டத்தைத் துடைக்கக்கூட பிள்ளைகளை விடமாட்டார்கள், வயதான சிஸ்டர் ஒருவர்தான் ஸ்டூல் போட்டு ஏறித் துடைப்பார். மதியம் மூன்று மணிக்கு மணி அடித்தால், எந்தப் பாடம் நடந்தாலும் எழுந்து நின்று ஒரு சின்ன செபம். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாருக்கும் அது மனப்பாடம்.

பத்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் நோட்டில் ஒரு கடிதம் சிக்கியது. ஒரு பையன் எழுதியது. அவ்வளவுதான் விஷயம். மறுநாள் அவள் அம்மா வந்தார். அந்தப் படத்துக்குக் கீழே இருந்த பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பப்ளிக் எக்ஸாமுக்கு நாலு மாசம் இருந்தது. அன்றைக்கும் மூணு மணிக்கு எழுந்து நின்று ‘இரக்கம்’ செபத்தைச் சொன்னோம். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பயந்துபோயிருந்தோம், அதுதான் உண்மை.

ரொம்ப வருஷம் கழித்து, வேறு ஏதோ தேடிக்கொண்டிருந்தபோது இந்தப் படத்தின் பூர்வீகம் கண்ணில் பட்டது. உலகம் முழுக்கப் பரவிய இந்தப் படம் முதலில் தொங்கியது ஒரு பேராலயத்தில் இல்லை. போலந்தில் கிராக்கோவ் நகரத்தின் ஓரம், வகியெவ்னிகி என்ற இடத்தில், ‘கெட்டுப்போனவர்கள்’ என்று ஊர் ஒதுக்கிய பெண்பிள்ளைகளை எடுத்துப் படிக்கவைத்த ஒரு கன்னியர் இல்லத்தின் சிற்றாலயத்தில். படித்ததும் எனக்கு அந்த பெஞ்ச்தான் ஞாபகம் வந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தச் சபையைப் பற்றி. 1862 நவம்பர் 1 அன்று வார்சாவில் தெரசா எவா பொதோத்ஸ்கா என்ற பிரபுக் குடும்பத்துப் பெண்மணி, கணவர் இறந்த பிறகு, ‘இரக்கத்தின் இல்லம்’ ஒன்றைப் பொறுப்பேற்று நடத்த ஆரம்பித்தார். முறையைக் கற்றுக்கொண்டது பிரான்சில் லவால் என்ற ஊரில், தெரசா ரோந்தோ என்ற கன்னிகை நடத்திவந்த இல்லத்தில். வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள், தெருவில் பிழைப்பு நடத்த வேண்டி வந்தவர்கள்... இப்படிப்பட்ட பெண்களை உள்ளே எடுத்து, தொழில் கற்றுக்கொடுத்து, தன் காலில் நிற்கவைப்பதுதான் வேலை. 1868இல் கிராக்கோவுக்கும் வந்தார்கள்.

வகியெவ்னிகி வளாகம் வந்தது அலெக்சாண்டர் லுபோமிர்ஸ்கி என்ற கோமகனின் பணத்தில். மனிதர் பெரும் பணக்காரர். கிராக்கோவில் கைவிடப்பட்ட பையன்களுக்கு ஒரு காப்பகம், பெண்களுக்கு ஒரு காப்பகம் என்று இரண்டுக்கும் கொடுத்தார். பையன்களுக்குக் கட்டிய கட்டடத்தில் இன்று பொருளாதாரப் பல்கலைக்கழகம் நடக்கிறது. பெண்களுக்குக் கட்டியது செங்கல் கட்டடம், நடுவில் சிற்றாலயம், சுற்றிலும் தோட்டம், அதைச் சுற்றி மதில். 1891இல் மந்திரித்துத் திறந்தார்கள். பூவேலை, நெசவு, சலவை, புத்தகம் பைண்டிங் என்று உள்ளே பட்டறைகள். அந்தப் பிள்ளைகளைச் சிஸ்டர்கள் போலிஷ் மொழியில் குறிப்பிட்ட சொல்லுக்கு ‘நாங்கள் வளர்க்கிறவர்கள்’ என்று பொருள் சொல்லலாம். மாணவி என்றும் முழுசாகச் சொல்ல முடியாது, கைதி என்றும் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்டக்கூடாது. ஐரோப்பா முழுக்க இதே நோக்கத்தோடு நிறைய இல்லங்கள் நடந்தன. அயர்லாந்தின் மக்தலேன் சலவைக்கூடங்களில் பெண்களைக் கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள், வெளியே போகவிடவில்லை. 2013இல் அந்நாட்டுப் பிரதமரே நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பெயர்ப்பலகையில் ‘இரக்கம்’ என்று எழுதிவிட்டதாலேயே உள்ளே இரக்கம் இருந்ததாக ஆகாது. வகியெவ்னிகியை நான் தூக்கிவைத்துப் பேச வரவில்லை. அங்கே ஒரு படம் எப்படி வந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அந்தச் சபைக்குள் 1925 ஆகஸ்ட் 1 அன்று ஹெலெனா கொவால்ஸ்கா என்ற பெண் வந்து சேர்ந்தாள். வயது 20க்கு சில வாரங்கள் குறைவு. ஏழை விவசாயக் குடும்பம், பள்ளிக்குப் போனது மூன்று வருடம்கூட இல்லை. பதின்ம வயதிலேயே வீட்டு வேலைக்குப் போனவள். வார்சாவில் பல மடங்களின் கதவைத் தட்டி, வேலைக்காரப் பெண்ணை யார் சேர்ப்பார்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டவள். இந்தச் சபை மதர்தான் ‘கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு வா’ என்றார். ஒரு வருடம் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்து, பிள்ளை பார்த்துக் காசு சேர்த்துக்கொண்டு வந்தாள். அவள்தான் பிற்பாடு சிஸ்டர் ஃபவுஸ்தீனா.

அந்தக் காலத்தில் சபைக்குள் இரண்டு பிரிவுகள். படித்த, வரதட்சணை கொண்டுவந்த சிஸ்டர்கள் முதல் பிரிவு. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது, பொறுப்பில் இருப்பது எல்லாம் அவர்கள். இரண்டாம் பிரிவு சமையல், தோட்டம், பேக்கரி, வாசல் காவல். ஃபவுஸ்தீனா இரண்டாம் பிரிவு. அதாவது, அந்த இல்லத்தின் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்கூட நடத்த அவருக்கு இடமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே யார் இருந்திருக்க முடியும்? பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்த வீட்டு வேலைக்காரப் பெண். ஒரு கதவு திறக்காமல் போயிருந்தால் மதிலுக்குள் அவரும் இன்னொரு வாசல் வழியாகத்தான் வந்திருப்பார். (இது என் ஊகம், அவர் அப்படி எழுதவில்லை.)

1931 பிப்ரவரி 22, ப்வோத்ஸ்க் என்ற ஊரில், இரவு தன் அறையில் அந்தக் காட்சியைக் கண்டதாக அவர் நாட்குறிப்பில் எழுதினார். வெள்ளை அங்கி, உயர்ந்த கை, இரண்டு கதிர்கள். இதைப் படமாக வரையச் சொன்னதாகவும். அவருக்கோ படம் வரையத் தெரியாது. கூட இருந்த சிஸ்டர்களைக் கேட்டுப்பார்த்தும் நடக்கவில்லை. மூன்று வருடம் அப்படியே போனது.

பிறகு வில்னியஸ் நகருக்கு மாற்றல், அங்கே தோட்ட வேலை. அவருடைய ஆன்ம குருவான மிகாவ் சொபோச்கோ என்ற குருவானவர், இதைச் சோதித்துப் பார்க்கும் ஆர்வத்திலோ என்னவோ, தன் வீட்டிலேயே குடியிருந்த எவுகேனியூஷ் கஸிமிரோவ்ஸ்கி என்ற ஓவியரிடம் வேலையைக் கொடுத்தார். 1934 ஜனவரியில் ஆரம்பித்து ஜூனில் முடிந்தது. அங்கி எப்படி மடிந்து விழ வேண்டும் என்று காட்ட, சொபோச்கோவே பூசை உடையில் நின்று மாடல் ஆனார். வாராவாரம் ஃபவுஸ்தீனா மதர் இரேனாவோடு வந்து, இங்கே கொஞ்சம் மாற்றுங்கள், அங்கே கொஞ்சம் மாற்றுங்கள் என்பார். பாவம் ஓவியர். கடைசியில் முடிந்த படத்தைப் பார்த்துவிட்டு ஃபவுஸ்தீனா ஆலயத்தில் போய் அழுதார். தான் கண்ட அழகு அதில் வரவில்லை என்று. அவர் வாழ்நாளில் பார்த்த பெரிய படம் இது ஒன்றுதான். 1938 அக்டோபர் 5 அன்று காசநோயில், 33 வயதில், வகியெவ்னிகியில் இறந்துபோனார்.

இங்கே ஒரு சின்னச் சோதனை. உங்கள் வீட்டுக் காலண்டரிலோ செபப் புத்தகத்திலோ இருக்கும் படத்தை எடுத்துப் பாருங்கள். கண்கள் கீழ்நோக்கிப் பார்த்தால், முகம் கொஞ்சம் இருண்டு அமைதியாக இருந்தால், அது வில்னியஸ் படம். கண்கள் நேரே உங்களைப் பார்த்தால், நிறங்கள் பளிச்சென்று இருந்தால், அது வேறு படம். ஃபவுஸ்தீனா பார்க்கவே பார்க்காத படம்.

அந்த வேறு படத்தின் கதைதான் வகியெவ்னிகி பள்ளியின் கதை. நாஜி ஆக்கிரமிப்பு உச்சத்தில் இருந்த நேரம். மதிலுக்கு வெளியே சில கிலோமீட்டர் தூரத்தில் பிளாஷோவ் வதைமுகாம். போரில் வீடு மாறி அந்தப் பக்கம் வந்து குடியிருந்த அடால்ஃப் ஹிவா என்ற ஓவியர், தன் குடும்பம் உயிரோடு தப்பியதற்கு நேர்த்திக்கடனாக ஏதாவது ஒரு படம் வரைந்து தருகிறேன் என்று சிஸ்டர்களிடம் வந்தார். நம்ம ஊரில் மொட்டை போடுகிற மாதிரி, தேர் வடம் பிடிக்கிற மாதிரி, அவருக்குத் தெரிந்தது தூரிகை. சிஸ்டர்கள் வில்னியஸ் படத்தின் ஒரு சின்னப் பிரதியையும் ஃபவுஸ்தீனா எழுதிய வர்ணனையையும் கொடுத்தார்கள். 1943 மார்ச்சில் ஹிவா படத்தைக் கொண்டுவந்தார். கிராக்கோவில் ஃபவுஸ்தீனாவுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்ட யேசு சபை குரு அந்த்ராஷ் மந்திரித்து வைத்தார்.

ஒரே ஒரு சிக்கல். சிற்றாலயத்தின் பக்கப் பீடத்துக்கு அதன் அளவு சரிவரவில்லை! மதர் இரேனா (வில்னியஸில் ஃபவுஸ்தீனாவோடு ஓவியரிடம் நடையாய் நடந்தாரே, அவர்தான் இப்போது இங்கே பொறுப்பில்) பீடத்தை அளந்து கொடுத்து, இன்னொன்று வரையச் சொன்னார். அது 1944 ஏப்ரல் 16, உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு அன்று மந்திரிக்கப்பட்டது. உலகம் முழுக்க நாம் பார்க்கிற உருவம் இந்த இரண்டாவதுதான். அதன் உயரமும் அகலமும் எந்த இறையியல் காரணத்தாலும் வந்ததில்லை, ஒரு பெண்கள் இல்லத்துச் சிற்றாலயத்தில் சுவரில் எவ்வளவு இடம் இருந்தது என்பதால் வந்தது. எனக்கு இந்த விவரம் ரொம்பப் பிடித்திருக்கிறது.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. சபையின் தலைமை மதர் ஏற்கனவே பாதோவ்ஸ்கி என்ற பேர்போன ஓவியரிடம் சொல்லிவைத்திருந்தார். அந்தப் படமும் வந்து சேர்ந்துவிட்டது. ஒரு பீடம், இரண்டு படம். எதை வைப்பது? கிராக்கோவ் பேராயர் சபியேகா வந்து இரண்டையும் பார்த்தார். ஹிவாவின் படம் நேர்த்திக்கடன் ஆயிற்றே, அதுவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். பாதோவ்ஸ்கியின் படம் நகரத்துக்குள் வேறொரு ஆலயத்துக்குப் போனது. எது நல்ல ஓவியம் என்று கேட்டிருந்தால் தீர்ப்பு மாறியிருக்கலாம்.

ஹிவா முதலில் பின்னணியில் புல்வெளியும் புதர்களும் வரைந்திருந்தார். ஆண்டவர் ஏதோ தோட்டத்தில் உலாவுகிற மாதிரி இருக்கிறது என்று சொபோச்கோவுக்கு அது பிடிக்கவில்லை. 1950களில் ஹிவாவே புல்வெளிமேல் கறுப்பு வண்ணம் பூசி, காலடியில் தரை போட்டார். அதன் பிறகு வாழ்நாளில் 200க்கும் மேல் இதே படத்தை வரைந்து பல ஆலயங்களுக்குக் கொடுத்தார்.

வில்னியஸ் படம் என்ன ஆனது? அது தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். சோவியத் ஆட்சியில் 1948இல் அது இருந்த ஆலயம் மூடப்பட்டது. 1951இல் இரண்டு பெண்கள் அதை வாங்கிச் சுருட்டி ஒரு பரணில் ஒளித்துவைத்தார்கள். பிறகு பெலாரஸில் ஒரு கிராமத்து ஆலயத்துக்குப் போனது. அதையும் 1970இல் மூடினார்கள், படம் மட்டும் உயரத்தில் தொங்கிக்கொண்டே இருந்தது. 1986இல் அதன் இடத்தில் ஒரு பிரதியை மாட்டிவிட்டு, அசலை ராத்திரியோடு ராத்திரியாக வில்னியஸுக்குக் கொண்டுவந்தார்கள். அது அப்படி ஒளிந்து கிடந்த காலத்தில் ஹிவாவின் உருவம் அச்சுப் படங்களாகப் போலந்துக்காரர்களின் சட்டைப்பையில் உலகம் சுற்றிவிட்டது.

வகியெவ்னிகிக்குத் திரும்புவோம். போர் முடிந்தது, மக்கள் கூட்டம் வர ஆரம்பித்தது. ஆனால் இரண்டு அடி அடுத்தடுத்து விழுந்தது, இரண்டு வேறு திசையிலிருந்து.

முதல் அடி ரோமிலிருந்து. ஃபவுஸ்தீனாவின் நாட்குறிப்பு பிழை மலிந்த பிரதிகளாகவும் மொழிபெயர்ப்பாகவும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. 1959 மார்ச் 6 அன்று, ஹோலி ஆஃபீஸ் என்று அழைக்கப்பட்ட திருப்பீட அலுவலகம், அவர் சொன்ன வடிவத்தில் இந்தப் பக்தியையும் படங்களையும் பரப்பக்கூடாது என்று அறிவித்தது. ஆலயங்களில் படங்கள் இறங்கின. கிராக்கோவ் மறைமாவட்டத்தை நிர்வகித்துவந்த பேராயர் பாஸியாக் மட்டும், வகியெவ்னிகி படம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், செபிக்க வருகிறவர்களைத் தடுக்க வேண்டாம் என்றார். தடையை மீறவும் இல்லை, படத்தை இறக்கவும் இல்லை.

இரண்டாவது அடி அரசாங்கத்திலிருந்து. 1962இல் கம்யூனிஸ்ட் அரசு சிஸ்டர்களிடமிருந்து அந்தக் கல்வி இல்லத்தைப் பறித்துக்கொண்டது. பிள்ளைகள் போய்விட்டார்கள். படம் தங்கிவிட்டது.

வரலாற்றுக் கட்டுரைகளில் 1959 தடையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், 1962ஐ ஒரே வரியில் தாண்டுகிறார்கள். எனக்கென்னவோ 1962தான் பெரிய இழப்பாகத் தெரிகிறது. படத்தின் பக்தியைத் தடுத்தார்கள் என்றால், சரி, பொறுத்திருந்தார்கள், வந்துவிட்டது. ஆனால் அந்தச் சபை உண்டானதே பிள்ளைகளுக்காக. நூறு வருஷமாக (1862இலிருந்து கணக்குப் போட்டால் சரியாக நூறு) அவர்கள் ‘இரக்கம்’ என்று சொன்னது ஒரு படத்தையோ செபத்தையோ அல்ல, காலையில் எழுந்து இந்தப் பெண்களோடு தறியில் உட்காருவதை.

ஃபவுஸ்தீனாவின் நாட்குறிப்பில் இதற்கு ஒரு இடம் இருக்கிறது. காட்சிகளைப் பற்றி எழுதும் பக்கங்கள் அளவுக்கு யாரும் அதைக் கவனிப்பதில்லை. வார்சா இல்லத்தில் ஒரு பிள்ளைக்குத் தற்கொலை எண்ணம் வந்து வாட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய அந்த வேதனையைத் தனக்குக் கொடுக்கும்படி ஃபவுஸ்தீனா கேட்டு, ஏழு நாட்கள் அதை அனுபவித்ததாக எழுதுகிறார். ஏழாம் நாள் கழிந்து அந்தப் பிள்ளை தேறினாள், இவருக்கும் விட்டது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் பார்ப்பது வேறு. பாடம் நடத்த அனுமதியில்லாத ஒரு சமையல்காரச் சிஸ்டருக்கு, அந்த வீட்டில் ஒரு பெண் சாகத் துடிக்கிறாள் என்பது தெரிந்திருந்தது. அவளை அனுப்பிவிட வேண்டும் என்று தோன்றவில்லை, அவளுடைய பாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

மிச்சக் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். போர்க்காலத்தில் பக்கத்தில் இருந்த சோல்வே சோடா ஆலையில் மரச்செருப்புப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன கரோல் வொய்த்திவா என்ற இளைஞர், வழியில் இந்தச் சிற்றாலயத்தில் நுழைந்து செபித்துவிட்டுப் போவார். அவரே கிராக்கோவ் பேராயரானார். 1965இல் ஃபவுஸ்தீனாவுக்கான விசாரணையைத் தொடங்கிவைத்தார். 1978 ஏப்ரல் 15 அன்று ரோம் தடையை நீக்கியது. அதே வருடம் அக்டோபரில் அவர் போப் இரண்டாம் ஜான் பால் ஆனார். 2000 ஏப்ரல் 30 அன்று ஃபவுஸ்தீனாவுக்குப் புனிதர் பட்டம் கொடுத்து, உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறை இறை இரக்க ஞாயிறு என்று அறிவித்தார். 2002இல் வகியெவ்னிகியில் கண்ணாடியும் கான்கிரீட்டுமாக ஒரு பெரிய பசிலிக்காவை அர்ச்சித்தார். ஆனால் ஹிவாவின் படம் பசிலிக்காவுக்குப் போகவில்லை. பழைய இல்லத்துச் சிற்றாலயத்தில், மதர் இரேனா அளந்து கொடுத்த அதே பக்கப் பீடத்தில்தான் இன்றும் இருக்கிறது. யாத்திரிகர்கள் பசிலிக்காவைப் பார்த்துவிட்டு அங்கேதான் வரிசையில் நிற்கிறார்கள்.

கம்யூனிஸ்ட் ஆட்சி சரிந்த பிறகு சிஸ்டர்களுக்குக் கல்வி இல்லமும் திரும்பக் கிடைத்தது. வீட்டிலும் பள்ளியிலும் சமாளிக்க முடியவில்லை என்று அனுப்பப்படும் பெண்பிள்ளைகளுக்கு அங்கே விடுதியும் பள்ளியும் நடக்கிறது. புனித ஃபவுஸ்தீனாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். பாடம் நடத்த இடமில்லாதவருடைய பெயரில் இப்போது பள்ளி.

இதையெல்லாம் எழுதுவதற்கு முன் என் பழைய பள்ளிக்கு ஒருமுறை போய்வந்தேன். ஹால் அப்படியே இருக்கிறது, பெஞ்சுக்கு மட்டும் புது பெயிண்ட். படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். கண்கள் நேரே பார்க்கின்றன, கறுப்புப் பின்னணி, காலடியில் தரை. ஹிவா படம்தான். ஆபீஸில் இருந்த இளம் சிஸ்டரிடம், இது எந்த மாதிரிப் பள்ளியிலிருந்து வந்தது தெரியுமா என்று கேட்டுக் கதையைச் சொன்னேன். தெரியாது என்றார். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டு, ‘எழுதித் தாங்க அக்கா, அசெம்பிளியில வாசிக்கலாம்’ என்றார். கடித விஷயத்தையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன், வாசிப்பார்களா தெரியாது. டி.சி. வாங்கிப் போனவளின் நம்பர் போன மாதம்தான் கிடைத்தது. இந்தப் பதிவின் சுட்டியை முதலில் அவளுக்குத்தான் அனுப்பப் போகிறேன்.